அக்காவுக்கு ஒரு சிமெண்டுச் சுவர்

உத்திரமேரூர்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய வேதகிரி மாமா அவர்களுக்கு, உங்கள் மனைவி அம்முலுவின் தங்கை செங்கேணி தூரத்திலிருந்தே கும்பிட்டு எழுதுவது. இங்கே அம்மா, நைனா, அக்கா, நான் எல்லோரும் சுகம். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்போடு நான் நின்றுபோவதற்குள் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், அதனால் எழுதிவிட்டேன். உண்மையான சுகம் கீழே இருக்கிறது. உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கல்யாணத்திலிருந்து இன்றுவரை உங்களிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பொங்கலுக்கு வந்தபோதுகூட "உன் தங்கச்சி ஊமையா?" என்று அக்காவிடம் கேட்டீர்களாம். ஊமை இல்லை மாமா. பேச்சு உதடுவரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். காகிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

முதலில் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். வயிற்றில் ஐந்து மாதம் ஆனதுமே அக்கா "அம்மா நெனப்பாவே கீது" என்று அழுதுகொண்டு பட்டணத்திலிருந்து இங்கே வந்துவிட்டாளே, அது அம்மா நினைப்பு இல்லை. சுவர் நினைப்பு. உங்கள் மில் லைன் வீட்டில் எல்லாம் சிமெண்டுச் சுவர், சுரண்டினால் நகம்தான் போகிறது என்று வந்த அன்றே என்னிடம் குறைப்பட்டாள். நம் வீட்டில் மண்சுவர். கையிலிருந்த பெட்டியைக்கூட இறக்காமல் மூலையில் ஒரு விள்ளல் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டு, "அப்பாடா, இப்பதான் உசுரு வந்துது" என்றாள். மசக்கையில் மாங்காய் கேட்டால் யாரிடமாவது சொல்லலாம், சுவர் கேட்கிறது என்று யாரிடம் சொல்வது? "எங்க மாமியாருக்கு மட்டும் தெரிஞ்சா மானம் பூடும்டி" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்குத் தெரியும். நைனாவுக்குத் தெரியாது. மழை அரிக்கிறது என்று நினைத்து அவர் மண் குழைத்துக் குழைத்துப் பூசுவார். அக்காவுக்குச் சுடச்சுடச் சோறு வடித்துப் போட்ட மாதிரி ஆகும்.

இப்படியே அக்காவுக்கு ஒன்பதாம் மாதமும் ஆகிவிட்ட நேரத்தில்தான் மலேரியாவுக்கு டி.டி.டி. மருந்து அடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்தார்கள். ஏசுதாஸ் என்கிறவர் பம்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாக நுழைந்து சுவரெல்லாம் வெள்ளையாக அடித்துவிட்டுப் போனார். மண்சுவரில் தண்ணீர் மருந்து பட்டால் என்ன ஆகும்? முதல் மழை பெய்த மாதிரி வாசனை கிளம்பிவிட்டது. எனக்கே நாக்கு ஊறியது என்றால் அக்காவைக் கேட்பானேன். மருந்து காய்வதற்குள் மூலை காலி. "மருந்து அடிச்சிகீறாங்க, துன்னாதடி" என்று அம்மா கையைத் தட்டினாள். "கொசு சாவுற மருந்து, நான் இன்னா கொசுவா?" என்றாள் அக்கா.

அதற்கு மூன்றாம் நாள், மருந்து அடித்த வீடுகளில் இருக்கும் கர்ப்பிணிகளையும் பிறக்கிற குழந்தைகளையும் பார்த்து ஆராய்ச்சி செய்வதற்காகச் சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா ஜீப்பில் வந்தார். கூடவே ஏசுதாஸ். தெருப் பெண்கள் எல்லோரும் பின்னால். அன்றைக்கென்று மாகறலிலிருந்து உங்கள் அம்மாவும் மருமகளைப் பார்க்கப் பலகாரத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா அக்காவிடம், "தினமும் என்னம்மா சாப்பிடுறே?" என்று கேட்டார். அக்கா ஓரக்கண்ணால் மாமியாரைப் பார்த்துவிட்டு, "பாலு, வாயப்பயம், கீரைங்க" என்றாள். நம் தெருவில் பால் குடிப்பது கன்றுக்குட்டி மட்டும்தான் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியுமா? ரொம்ப நல்லது என்று எழுதிக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். ஏசுதாஸ் மூலையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, நான் அடிச்ச மருந்தே காணோம்? செவுத்த எலி பறண்டி வச்சிகீது!" என்றார். அம்மா சட்டென்று, "ஆமா ஏசுதாஸு, பெரிய எலி. ரொம்ப பேஜாரு" என்றாள். "கவலைப்படாத, இந்த மூலைக்கு மட்டும் இன்னொரு தபா கெட்டியா அடிச்சிட்டுப் போறேன்" என்று அவர் பம்பை எடுத்துவிட்டார். அது அக்கா பாய் விரிக்கிற மூலை. அவள் கைக்கு எட்டுகிற மூலை. நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா கூரையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தேன், அவள் வயிற்றைப் பார்த்தேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "எலி இல்ல! எங்க அக்காதான்!" என்று கத்திவிட்டேன். அத்தனை பேருக்கு நடுவில், அத்தனை சத்தமாக. தெருமுனையில் மாடு திரும்பிப் பார்த்ததாம்.

அம்மா என் தொடையில் கிள்ளினது இன்னும் கன்றிப்போய்த்தான் இருக்கிறது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உங்கள் அம்மா ஆண்டாளம்மாள் மெதுவாக எழுந்து மூலைக்குப் போய், சுவரை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏண்டி அம்முலு, அடுப்பங்கர செவுரு கீறப்போ, யாராவது இத்தப் போயி துன்னுவாங்களா? வேதகிரி வவுத்துல கீறப்போ நான் அடுப்பங்கரயில ஜன்னலே வச்சிட்டேன்" என்றார். மாமா, நீங்கள் பாதி சுவரால் ஆனவர். அப்புறம் கேட்க வேண்டுமா? எதிர்வீட்டுச் சிட்டம்மாள், "மாட்டுக் கொட்டா செவுத்துக்கு ஈடு எதுவும் இல்ல" என்றாள். "உன் மூஞ்சி, சாரல் அடிச்ச செவுருதான்" என்றாள் அவள் ஓரகத்தி. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்து முடித்துவிட்டு அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அப்போ சுவத்துல வெறும் மண்ணுதான் இருந்துச்சு. இப்போ மருந்தும் இருக்கு. அது வயித்துல இருக்கிற குழந்தையை என்ன பண்ணும்னு எனக்கே தெரியாதும்மா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன். தெரியிற வரைக்கும் சுவரைத் தொடாதே" என்றார்.  அக்கா, "கொயந்தைய நான் இன்னா பண்ணிட்டேன்" என்று அழுதாள்.

அழுகிறாள், ஆனால் கை நிற்கவில்லை மாமா. நைனா சுவரில் பாயைக் கட்டித் தொங்கவிட்டார், பாய்க்குப் பின்னால் கை போகிறது. டாக்டரம்மா கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை விழுங்கிவிட்டு, வாய்க் கசப்புக்கு ஒரு விள்ளல் போட்டுக்கொள்கிறாள். உங்கள் அம்மா மருந்து படாத மண் ஒரு கூடை மாகறலிலிருந்து கொண்டுவருகிறேன் என்கிறார், டாக்டரம்மா வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். எனவே நீங்கள் லீவு போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து அக்காவை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா சண்டைக்கு வருவாள், பொருட்படுத்தாதீர்கள். இப்போது அக்காவுக்கு வேண்டியது தாய்வீடு இல்லை, சிமெண்டுச் சுவர்.

பெரியவர்கள் ஆசீர்வாதத்தைத் தனியாக அனுப்புவார்கள், அவர்களுக்கு இந்தக் கடிதமே தெரியாது. என் வணக்கத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செங்கேணி

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். கவர் ஒட்ட ஒரு சோற்றுப் பருக்கை எடுக்க உள்ளே போனேன், அக்காவுக்கு வலி கண்டுவிட்டது. பெண் குழந்தை. ஜீப்பில் வந்த டாக்டரம்மா எடை போட்டுப் பார்த்து, "இப்போ நல்லா இருக்கா, வளர வளரத்தான் பார்க்கணும்" என்றார். நடந்து, பேசுகிறவரைக்கும் மாதாமாதம் பார்க்க வேண்டுமாம். அதனால் அக்காவை அழைத்துப்போக வராதீர்கள், மகளைப் பார்க்க வாருங்கள். டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டார். ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளிடம் விசாரிக்க என்னோடு வருகிறாயா என்று. வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். "வாயைத் திறந்து சொல்லும்மா" என்றார். "வரேன்" என்றேன். அம்மாவுக்கும் நைனாவுக்கும் இன்னும் தெரியாது. நீங்கள் வந்து சொல்லிவிடுங்கள் மாமா, எனக்குக் கூச்சமாக இருக்கிறது.