சுகந்தியின் ரோஜாவுக்கு இருந்த ஒரே குறை

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் மேற்கு மேட்டில் மட்டும் கிடைக்கிற ஒரு காட்டில், சுகந்தி என்றொரு புனுகுப்பூனை வாழ்ந்துவந்தாள். புனுகுப்பூனைகளுக்கு மூக்குதான் முதல் கண். எந்த மரத்தில் பலா பழுத்திருக்கிறது, யார் வீட்டில் காலையில் சண்டை நடந்தது என்பதையெல்லாம் பாதையில் நடந்துகொண்டே சொல்லிவிடுவாள்.

அந்தக் காட்டில் அப்போது கொய்மலர் மோகம் தலைவிரித்து ஆடியது. நீளக் காம்போடு வெட்டிய ரோஜாக்களைக் கண்ணாடிக் குடுவையில் நிறுத்தி வைக்காத குகை இல்லை, வளை இல்லை. காட்டுப்பன்றிகள்கூடச் சேற்றுக்கு ஓரமாக ஒரு குடுவை வைத்திருந்தன. பூவெல்லாம் கீரி குப்புராஜின் வண்டியில்தான் வந்தது.

மேற்கு மேட்டில் கரடி ஒரு விடுதி திறந்தது. திறப்பு விழாவுக்குச் சுகந்தியும் போயிருந்தாள். வரவேற்பறையில் ஒரு பெரிய குடுவை நிறைய ரோஜா. ஆசையாகப் போய் முகர்ந்தாள். ஒன்றுமில்லை. மூக்கை இன்னும் உள்ளே விட்டாள். குடுவைத் தண்ணீரின் பாசி வாடைதான் வந்தது.

"என்னம்மா பண்றீங்க?" என்றது கரடி.

"பூவை மோந்து பாக்கறேன்."

"இது மோந்து பாக்கற பூ இல்லம்மா. பாக்கற பூ."

சுகந்தி சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டாள். கணவன் தணிகாசலம் கொடியில் தலைகீழாகத் தொங்கி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, பன்னீர் ரோஜாவுக்கு வாசனை இருக்கு. ஆனா காம்பு விரல் நீளம், காலையில பூத்தா சாயங்காலம் இதழெல்லாம் கீழே. குப்புராஜ் விக்கிற ரோஜாவுக்குக் காம்பு முழ நீளம். குடுவையில வாரக்கணக்கா நிக்குது, வாசனைதான் இல்ல. ரெண்டையும் சேர்த்து ஒரு புது ரகம் உண்டாக்கினா?"

"ரெண்டோட கெட்ட குணமும் சேர்ந்து பிறக்கும்" என்றான் தணிகாசலம். "நம்ம பையனைப் பாரு. என் சோம்பேறித்தனமும் உன் பிடிவாதமும். படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்னு பிடிவாதம் பிடிக்கிறான்."

சுகந்தி காதில் வாங்கவில்லை. நீளக்காம்பு ரோஜாவின் மொட்டு விரியும் முன்பே இதழ்களைப் பிரித்து, உள்ளே இருந்த மகரந்தப் பைகளை நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். பன்னீர் ரோஜாவின் மகரந்தத்தைத் தன் வால்நுனியில் தொட்டுத் தடவினாள். வேறு மகரந்தம் வந்து விழாமல் காகிதப் பை போட்டுக் கட்டினாள்.

மறுநாள் தேனீக்கள் கூட்டமாக வந்து நின்றன. "மகரந்தம் சேர்க்கறது எங்க வேலை. எங்க பிழைப்புல ஏன் கை வைக்கறே?"

"நீங்க சேர்த்தா அப்பன் யாருன்னு தெரியாம போயிடுதே" என்றாள் சுகந்தி. தேனீக்கள் கோபமாக ரீங்கரித்துக்கொண்டே பறந்துபோயின.

காய் பழுத்தது. விதையெடுத்து முளைக்கப் போட்டாள். தணிகாசலம் சொன்னது பலித்தது. காம்பு குட்டை, வாசனையும் இல்லை என்று ஒரு செடி. வாசனை இருக்கிறது, ஆனால் பூ மண்ணைப் பார்த்துத் தொங்குகிறது என்று இன்னொன்று. ஒரு செடி முழுக்க முள். முள்ளம்பன்றி அதைத் தன் உறவு என்றே நினைத்து நலம் விசாரித்தது. சுகந்தி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். ஒரு மழைக்காலத்தில் வெண்பூசணம் வந்து பாத்தி முழுக்க மாவு தூவியதுபோல் ஆனது. அன்றைக்கு அவள் பாத்தியோரம் உட்கார்ந்து அழுதாள். தணிகாசலம் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் தானாக இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை.

"விட்டுடு சுகந்தி. பூ இல்லாமலும் பலாப்பழம் இனிக்குது."

"இந்தக் கோடியில ஒண்ணு பச்சையா நிக்குது பாருங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்த ஒரு செடிதான் மிஞ்சியது. அது பூத்த காலையில் தணிகாசலம் பலாச்சுளையை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டான். பழுத்த பப்பாளியின் உள்நிறம். நிமிர்ந்த நீளக்காம்பு. கிட்டப் போனால் முதலில் பன்னீர் வாசனை; கொஞ்சம் பொறுத்தால் அதற்கு அடியில் ஏலக்காய் மாதிரி இன்னொன்று. வெட்டிக் குடுவையில் வைத்தார்கள். தினமும் போய்ப் பார்த்தார்கள். இதழும் உதிரவில்லை, மணமும் போகவில்லை.

"என்ன பேர் வைக்கலாம்?" என்றாள் சுகந்தி.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பிடிவாதம்னு வை."

அப்படியே வைத்தாள். விதை போட்டால் மறுபடியும் கலவரம்தான் முளைக்கும் என்பதால், அந்தச் செடியின் கிளையில் துளிர்விடும் கண்களை எடுத்துக் காட்டு ரோஜாத் தண்டுகளில் ஒட்டுக்கட்டி ஒரு தோட்டமே ஆக்கினாள்.

பதிவு செய்யாத ரகத்தை வண்டியில் ஏற்ற முடியாது என்றான் குப்புராஜ். புதுப்பூ ரகப் பதிவு நிலையத்துக்குப் போனாள் சுகந்தி. அவளுக்கு முன்னால் வரிசையில் ஒரே ஒரு குடும்பம்தான் நின்றது. ஆனால் அது எறும்புக் குடும்பம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி டோக்கன். மூன்றாவது முறை வந்தபோதுதான் அவளால் அதிகாரியைப் பார்க்க முடிந்தது.

அதிகாரி கமடநாதன் ஓர் ஆமை. கெட்டவர் இல்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

"புது ரகம் வேற எந்த ரகம் மாதிரியும் இருக்கக் கூடாதும்மா."

"இருக்காதுங்க."

"சரி. எந்த ரகம் மாதிரி இருக்குன்னு சொல்லுங்க."

"இப்பதானே எது மாதிரியும் இருக்கக் கூடாதுன்னீங்க?"

"அது சட்டம். இது கட்டம். கட்டத்தை நிரப்பலைன்னா அடுத்த பக்கம் திறக்காது."

ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அதைக் கடந்தார்கள். நிறம், காம்பு, இதழ், முள் என்று எல்லாம் முடிந்தது.

"வாசனைங்க?" என்றாள் சுகந்தி.

கமடநாதன் மேலே தேடினார், கீழே தேடினார். "வாசனைன்னு ஒரு கட்டமே இல்லையேம்மா."

"அதுக்காகத்தாங்க நான் இத்தனை வருஷம் பாடுபட்டது."

அவர் கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு தலை வெளியே வந்தது. "'பிற குறைகள்'னு ஒரு கட்டம் காலியா இருக்கு. அதுல போட்டுடட்டுமா? இல்லைன்னா எங்கயுமே வராது."

"போடுங்க" என்றாள்.

சான்றிதழ் கைக்கு வந்தது. ரகம்: பிடிவாதம். காம்பு: நீளம். பிற குறைகள்: வாசனை.

குப்புராஜ் அதை இரண்டு தடவை படித்தான். "குறை இருக்கு போலிருக்கே."

"மோந்து பாருப்பா."

மோந்து பார்த்தான். தும்மினான். "பரவாயில்லக்கா. பின்வரிசையில வச்சு எப்படியாவது தள்ளிவிட்டுடறேன்."

முதல் கட்டு கரடியின் விடுதிக்குப் போனது. காட்டில் எல்லோரும் சிக்னலுக்காக அங்கேதான் வந்து கிடப்பார்கள். அன்றைக்கு வரவேற்பறை சோபாவின் ஒரு முனையில் புலி வரதுங்கன் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுமுனையில் புள்ளிமான் நீலாயதாட்சி வந்து, செல்போனைப் பார்த்தபடியே உட்கார்ந்தாள். நடுவில் பிடிவாதம் ரோஜாக் குடுவை. அறை முழுக்க அதன் மணம். புலியின் வாடை மானுக்குப் போகவில்லை. மானின் வாடை புலிக்கு வரவில்லை.

"சார், சார்ஜர் இருக்குங்களா?" என்றாள் நீலாயதாட்சி, நிமிராமல்.

"இந்தாம்மா" என்று நீட்டினார் வரதுங்கன், அவரும் நிமிராமல்.

சார்ஜ் ஏறியது. "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று திருப்பிக் கொடுக்கும்போதுதான் இருவர் கண்களும் சந்தித்தன. மான் ஜன்னல் வழியாகப் பாய்ந்தது. புலியும் பதறிப்போய் வாசல் வழியாகப் பாய்ந்தது. சார்ஜர் சோபாவிலேயே கிடந்தது.

விஷயம் காடெங்கும் பரவியது. குப்புராஜ் மறுநாளே மான் கூட்டத்துக்குப் போனான். "கழுத்துல ஒரு பிடிவாதம் கட்டிக்குங்க. உங்க வாடை எந்தப் புலிக்கும் எட்டாது." அங்கிருந்து நேராகப் புலிக் குகைகளுக்குப் போனான். "கழுத்துல ஒரு பிடிவாதம் கட்டிக்குங்கய்யா. உங்க வாடை எந்த மானுக்கும் எட்டாது."

பூவெல்லாம் சிட்டாய்ப் பறந்தது. சுகந்திக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாரும் மோந்து பாக்கறாங்களாப்பா?" என்று ஆவலோடு கேட்டாள்.

"எல்லாரும் வச்சிருக்காங்கக்கா" என்றான் குப்புராஜ்.

அந்தப் பதில் அவளுக்குச் சரியாகப் படவில்லை. தானே பார்க்கலாம் என்று கிளம்பினாள். ஓடைக்கரையில் மான்கள் நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் அவள் ரோஜா. நீலாயதாட்சியிடம் போய், "வாசனை எப்படிம்மா இருக்கு?" என்றாள்.

"நல்லா மறைக்குதுங்க."

சுகந்தி வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அவள் பூவின் மணம்தான் அடித்தது, வேறெதுவும் அடிக்கவில்லை. எந்த மரத்தில் பலா பழுத்திருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. ஓர் அணில் தன் பொந்து என்று நினைத்து வேறு யாரோ வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியது. கன்றுகள் தாயை மணத்தால் கண்டுபிடிக்க முடியாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டன. புலிகளுக்கு மான்கள் இருக்கும் இடம் தெரியாததால் பட்டினி. மான்களுக்குப் புலிகள் இருக்கும் இடம் தெரியாததால் பயத்தில் மேய முடியாமல் அவையும் பட்டினி. இரண்டு தரப்பும் அதற்கு ஒரே தீர்வைத்தான் கண்டன: இன்னும் ஒரு பூ சேர்த்துக் கட்டிக்கொண்டன.

ஒருநாள் மாலை, வெயில் தாழ்ந்த பிறகு, புலி வரதுங்கனே தோட்டத்துக்கு வந்துவிட்டார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். தணிகாசலம் மரத்தின் மேல் இருந்தான். எப்போது ஏறினான் என்று யாருக்கும் தெரியாது.

"இதை உண்டாக்கினது நீதானா?"

சுகந்தி கைகூப்பினாள். "ஆமாங்கய்யா."

"நான் புல்லைத் தின்ன முடியுமாம்மா? நேத்து முழுக்க ஒரு புதர்கிட்டப் பதுங்கி இருந்தேன். கடைசியில பாத்தா புதருக்கு அந்தப் பக்கம் என் மச்சான் பதுங்கி இருக்கான். நீ என்ன பண்றே, வாசனையே இல்லாத பழைய ரோஜாவைத் திரும்பக் கொண்டுவா. இல்லைன்னா இந்தத் தோட்டம் இருக்காது. நீயும் இருக்க மாட்டே."

மரத்தின் மேல் ஒரு கிளை தானாக நடுங்கியது. சுகந்தி கும்பிட்டபடி நின்றாள். இத்தனை பயத்திலும் அவள் வாயிலிருந்து வந்தது வேறு கேள்வி.

"அய்யா அதை மோந்து பாத்தீங்களா?"

"எதை?"

"பூவைங்க. கழுத்துல கட்டியிருக்கீங்களே, அதை."

வரதுங்கன் முறைத்தார். "இது எதுக்குன்னு குப்புராஜ் சொன்னான். மோந்து பாக்கணும்னு சொல்லலையே."

"ஒரே ஒரு தடவை. அப்புறம் என்னை என்ன வேணா செய்ங்க."

புலி குனிந்து, பாத்தியில் அப்போதுதான் விரிந்திருந்த ஒரு பூவில் மூக்கை வைத்தது. முதல் மூச்சு அவசரமாக இருந்தது. இரண்டாவது மூச்சு மெதுவாக உள்ளே போனது. பிறகு மூச்சு வெளியே வர வெகுநேரம் ஆனது. வரதுங்கன் முன்னங்கால்களை மடக்கிப் படுத்துக்கொண்டார். கண்கள் மூடின.

"அடியில ஏலக்காய் மாதிரி ஒண்ணு வருதே" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"ஆமாங்கய்யா." சுகந்தி ஓரடி கிட்ட வந்தாள். இத்தனை காலத்தில் அதைக் கண்டுபிடித்துச் சொன்ன முதல் ஆள் அவர்.

அப்போது பார்த்து வேலியைத் தாண்டி நீலாயதாட்சி வந்தாள். அவளுக்குப் புலி வாடை எட்டவில்லை. செல்போனைப் பார்த்தபடியே பாத்தியில் நடந்து, வரதுங்கனின் வாலைத் தாண்டி, வேண்டிய பூக்களைப் பறித்துக்கொண்டு, "கணக்குல எழுதிக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வரதுங்கன் கண் திறந்தார். "யாராவது வந்தாங்களா?"

"இல்லீங்களே!" என்றது மரத்திலிருந்து ஒரு குரல்.

புலி எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. பசி போகவில்லை, ஆனால் கோபம் எங்கேயோ போயிருந்தது. போகும்போது கொஞ்சம் கூச்சத்தோடு, "ஒரு கட்டு குடு. கழுத்துக்கு இல்ல. வீட்டுக்கு" என்றார்.

அந்த வருடக் கடைசியில் கரடியின் விடுதியில் ஒரு பெரிய விழா நடந்தது. வன நல்லிணக்க விருது வழங்கும் விழா. தலைமை தாங்க வேண்டிய கமடநாதன், வாழ்த்துரைகள் முடியும் தறுவாயில் மேடைக்கு வந்துசேர்ந்தார். புலிகளுக்கும் மான்களுக்கும் பாரபட்சமின்றிச் சேவை செய்தமைக்காக விருது குப்புராஜுக்கு வழங்கப்பட்டது. அரங்கின் இந்தக் கோடியில் மான்களும் அந்தக் கோடியில் புலிகளும், இரு தரப்பும் மெலிந்துபோய், கைதட்டினார்கள்.

"இவ்வளவு அருமையான பூவை உருவாக்கினது யாருங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒரு முயல் கேட்டது.

குப்புராஜ் அடக்கத்தோடு கைகளைக் கூப்பினான். "எல்லாம் இயற்கையோட கொடைதான்."

கடைசி வரிசையில் இருந்த தணிகாசலம் துள்ளி எழுந்தான். சுகந்தி அவன் வாலைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"விடுங்க."

"எப்படி விடறது? இத்தனை வருஷம் நீ பட்ட பாடு!"

"அந்தக் கோடியைப் பாருங்க" என்றாள் சுகந்தி.

அங்கே வரதுங்கனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மேடையில் நடப்பது எதையும் அவள் கவனிக்கவில்லை. கையிலிருந்த ரோஜாவில் மூக்கை வைத்து, கண்களை மூடியிருந்தாள்.

நீதி: பகைவர் இருவருக்கும் ஒரே சரக்கை விற்பவருக்கு ஊர் வைக்கும் பெயர் சமாதானத் தூதர், அந்தச் சரக்கை உண்டாக்கியவருக்கு வைக்கும் பெயர் இயற்கை.