ரப்பர் கட்டு

சமையலறைக் குழாய் வளையும் இடத்திலிருந்த எல்போவில் காலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர், மதியம் ஒரு மணிக்கு நூலாக ஒழுகத் தொடங்கியது. நாலு மணிக்கு மகள் ஸ்ரீரஞ்சனி வருவாள். அதற்குள் தரை காய்ந்துவிட வேண்டும் என்பதுதான் சீனிவாசராகவனின் கவலை.

மனைவி பாகீரதி தவறிப்போய் நாற்பது நாள் ஆகியிருந்தது.

"தனியா இருக்க வேண்டாம்ப்பா. ஜெயநகருக்கு வந்துடுங்கோ. இந்த ஆத்தை வாடகைக்கு விட்டுடலாம்" என்று மகள் தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று பதில் கேட்க நேரிலேயே வருகிறாள்.

"எனக்கு என்ன குறைச்சல்? இருபது வருஷத்துல ஒரு குழாய் ரிப்பேருக்காவது ஆள் கூப்பிட்டிருக்கேனா?" என்று அவர் சொல்லி வைத்திருந்தார்.

அது உண்மைதான். இந்த வருஷம் விதான சௌதா அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும்வரை, எந்தக் குழாய் ஒழுகினாலும் சைக்கிள் ட்யூபை நீளமாகக் கத்தரித்து, இறுக்கிச் சுற்றி, மேலே கம்பியை முறுக்கிவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவார். மாலையில் வந்து பார்த்தால் ஒரு சொட்டு இருக்காது.

"என்ன கை உங்களுக்கு" என்பாள் பாகீரதி. அவர் அடக்கமாகக் காபி கேட்பார்.

பக்கத்து வீட்டுச் சந்தானத்துக்கு ஒருமுறை சுற்றிக் கொடுத்தது மட்டும் அரை மணியில் பிய்த்துக்கொண்டது. மட்டமான குழாய் என்று சொல்லிவிட்டார்.

இன்றும் ட்யூபைச் சுற்றினார். நூலாக வந்த தண்ணீர் விசிறியாக வந்தது. கம்பியை இன்னும் முறுக்கினார். அறுந்தது. சோப்பைத் தேய்த்து அடைத்துப் பார்த்தார். சிங்க் முழுக்க நுரை நிறைந்தது. கடைசியில் ஸ்பேனரை எடுத்து எல்போவை அரைச் சுற்று திருகினார். துருப்பிடித்த எல்போ கையோடு வந்துவிட்டது.

தண்ணீர் மார்பில் அடித்தது. கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றார். தண்ணீரை நிறுத்தும் வால்வு ஒன்று வீட்டில் எங்கேயோ இருக்க வேண்டும். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது, பால்காரன் பெயர் என்ன என்பதெல்லாம்கூட இந்த நாற்பது நாளில்தான் தெரிய வந்திருந்தது.

ஹாலில் போன் அடித்து ஓய்ந்தது.

"பாகீ, அந்தத் துணியை எடு" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது.

பிறகு குழாயைப் பிடித்தபடியே அழுதார். முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்ரீரஞ்சனி வாசல் மணியை அடித்துப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கமாக வந்தாள். கணுக்காலளவு தண்ணீரில் நின்றிருந்தார் அப்பா.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்லைம்மா. டெம்பரரியாப் பிடிச்சிண்டிருக்கேன்."

"எவ்வளவு நேரமா?"

"ரெண்டே காலிலேர்ந்து."

அவள் தெருமுனை ஹார்ட்வேர் கடைக்கு ஓடினாள். அங்கே உட்கார்ந்திருந்த ப்ளம்பர் முனிகிருஷ்ணனைக் கையோடு அழைத்து வந்தாள். ஐம்பது வயதிருக்கும், தோளில் கான்வாஸ் பை. சமையலறையை ஒரு பார்வை பார்த்தவன், யாரையும் எதுவும் கேட்காமல் நேராகக் குளியலறைக்குப் போய், பாய்லருக்குப் பின்னால் கையைவிட்டு எதையோ திருகினான். சீனிவாசராகவனின் விரலுக்கடியில் தண்ணீர் அடங்கியது.

"கைய எடுங்க சார்."

எடுத்தார். விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"அங்கே வால்வு இருக்குன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?"

முனிகிருஷ்ணன் ஹாலில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா எப்போ சார்?"

"நாப்பது நாளாச்சு."

அவன் பையைக் கீழே வைத்தான்.

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க சார்."

"யாரு?"

"அம்மாதான். நீங்க ஆபீஸ் போனதும் எனக்குச் சொல்லி அனுப்புவாங்க. நான் வந்து பழசை எடுத்துட்டுப் புதுசு மாட்டி, அதுக்கு மேல உங்க ரப்பரை நீங்க சுத்துன மாதிரியே சுத்தி வெச்சிட்டுப் போவேன்."