முத்திரை அண்ணை இணையத்துக்கு இடம் பார்த்த கதை

முத்திரை அண்ணை நம்பிய மனிதர் மன்னார்த் தீவில் ஒருவர்கூட இல்லை. பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாளிட்ட பிறகும், தட்டிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, "நீங்கள் எங்கட பாதர்தானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் பாவத்தைத் தொடங்குவார்.

முப்பது வருடம் தபால்காரராக இருந்தவர். அதனால் வந்த பெயர்தான் முத்திரை. எனக்கு வேலை கிடைத்த கடிதம் பதிவுத் தபாலில் வந்தபோது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அடையாள அட்டை கேட்டார்.

"அண்ணை, நான் உங்கட பக்கத்து வீடு!"

"பக்கத்து வீட்டில ஆர் இருக்கிறது எண்டு எனக்குத் தெரியும். அது நீர்தானோ எண்டதுதான் கேள்வி."

இப்படிப்பட்டவரிடம் எங்கள் ஊர் இணையத்தளம் போய்ச் சேர்ந்ததற்கு நான்தான் காரணம். கடற்கரையோரக் கிராமம் எங்களுடையது. பாதிச் சனம் கடலில், பாதிச் சனம் கனடாவிலும் பிரான்ஸிலும். மாதா திருவிழா, கலியாணம், செத்தவீடு எல்லாவற்றின் படங்களையும் தளத்தில் போடுவோம். தளம் நடத்த, ஏதாவது ஒரு கம்பனியின் கணினியில் இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஹோஸ்ரிங் என்பார்கள். 'எல்லையில்லா இடம், மலிவு விலை' என்ற விளம்பரத்தைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கம்பனியைத் தெரிவுசெய்தவன் நான்.

ஒருநாள் காலை தளத்தைத் திறந்தால், மாதா சொரூபம் இருந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் சீட்டாட வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கம்பனி காணாமல் போய்விட்டது. ஏழு வருடப் படங்களும் அதோடு போய்விட்டன. பிரதி எடுத்து வைக்கும் புத்தி எங்கள் ஒருவருக்கும் இருக்கவில்லை.

முதலில் அழைத்தவர் பாரிஸிலிருந்து அந்தோனி. "மச்சான், அம்மாட செத்தவீட்டுப் படம் அதிலதானே இருந்தது? விசா இல்லாமல் நான் வரேல்லை. அதிலதான்ரா அம்மாவைக் கடைசியாப் பார்த்தனான்."

அந்த ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் வைத்தோம். முத்திரை அண்ணை எழும்பினார்.

"அந்தக் கம்பனியைத் தெரிஞ்செடுத்தது ஆர்?"

நான் கையைத் தூக்கினேன்.

"இனி நான் பாக்கிறன். இவரும் வரட்டும். எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது, இவருக்கு மனுசரைத் தெரியாது. ரெண்டு பேருமாச் சேர்ந்தால் ஒரு ஆள் வரும்."

மறுநாளே விசாரணை தொடங்கியது. நான் கம்பனிகளின் பக்கங்களைத் திறந்து வாசிக்க, அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து குறுக்கு விசாரணை செய்தார். எல்லையில்லா இடம் என்றால், "கடலுக்கே கரை இருக்கு. இவைக்கு மட்டும் இல்லையாமோ?" தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது வீதம் தடையில்லாமல் இயங்கும் என்றால், "மிச்சம் எப்ப? எங்கட திருவிழா அண்டைக்கோ?" வாடிக்கையாளர்கள் பாராட்டி எழுதியவற்றைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பத்துப் பேரும் ஒரே இடத்தில ஒரே பிழை விட்டிருக்கினம். ஒரு கைதான் எழுதினது."

ஒரு கம்பனியின் பக்கத்தில் 'நான் பிரியா, உதவட்டுமா?' என்று ஒரு பெட்டி எழும்பியது. "பிள்ளையின்ர தகப்பன் என்ன வேலை எண்டு கேளும்" என்றார். கேட்டேன். 'உங்கள் கேள்விக்கு நன்றி' என்று பதில் வந்தது.

"தகப்பனைக் கேட்க நன்றி சொல்லுது. இது மனுசப் பிள்ளையில்லை. மூடும்."

கடைசியில் அவர் தனக்குத் தெரிந்த வழிக்குப் போனார். ஐந்து கம்பனிகளுக்குப் பதிவுத் தபால் அனுப்பினார். கேள்வி மூன்று: எங்கள் படங்கள் இருக்கப்போகும் கணினி எங்கே? கம்பனியை மூடினால் முன்கூட்டியே சொல்வீர்களா? கேட்கும்போது பிரதி தருவீர்களா? மூன்று கடிதங்கள் அப்படியொரு விலாசம் இல்லையென்று திரும்பி வந்தன. ஒரு கம்பனி கலண்டர் அனுப்பியது.

ஐந்தாவது கடிதத்துக்குப் பதில் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்தது. ஒரு பெண் கைப்பட எழுதியிருந்தார். கணினி தன்னுடையதல்ல, சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்தது. மூடுவதென்றால் ஒரு மாதத்துக்கு முன் அறிவிப்பார். பிரதியை நாங்களே எடுத்துக்கொள்ளலாம். 'தயவுசெய்து எடுத்து வையுங்கள். என்னை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.'

நான் துள்ளிக் குதித்தேன். முத்திரை அண்ணையின் முகம் இருண்டது.

"தன்னை நம்ப வேண்டாம் எண்டு சொல்லுறா. ஏன் சொல்லுறா? நேரில போய்ப் பாப்பம்."

பஸ் ஏறினோம். மூன்றாம் மாடி, கதவடியில் நாலு சோடிச் செருப்பு. கதவைத் திறந்த பெண்ணிடம், "கம்பனி எங்க?" என்றார்.

"நான்தான் ஐயா. உள்ளுக்கு வாங்கோ."

"நீர் காய்ச்சல் வருத்தமாக் கிடந்தால்?"

"தங்கச்சி பார்ப்பா."

"தங்கச்சியைக் கூப்பிடும்."

தேத்தண்ணியோடு வந்த தங்கையைப் பல்கனிக்குக் கூட்டிப்போய், அக்காவிடம் கேட்ட அதே கேள்விகளைத் தனியாகக் கேட்டார். பதில்கள் ஒத்துப்போயின. அது அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, ஒரு வெப்சைட்டுக்கு இவ்வளவு விசாரணையோ?"

முத்திரை அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். "பிள்ளை, சண்டையில சனம் இடம்பெயர்ந்த நேரம் ஒரு பை நிறையக் கடிதத்தோட முகாம் முகாமாத் திரிஞ்சனான். கடிதம் கையில கிடக்கு, விலாசத்தில வீடு இல்லை. கன கடிதம் குடுக்கேல்லை. இப்ப எங்கட ஊர்ச் சனத்தின்ர முகமெல்லாம் உம்மட கையில தரப்போறன். இடத்தைப் பாக்காமல் எப்பிடித் தாறது?"

இத்தனை காலம் அவருக்குப் பக்கத்து வீட்டில் இருந்த எனக்கு அந்தக் கதை தெரியாது. அந்தப் பெண் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி, பிரதி எடுப்பது எப்படியென்று மூன்று தரம் காட்டிக் கொடுத்தார்.

படியிறங்கும்போது, "அரைவாசி நம்பலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு நற்சான்றிதழ் எவரும் வாங்கியதில்லை.

புதுத் தளம் எழும்பியது. போன படங்களைத் தேடி அவர் வீடு வீடாக இறங்கினார். அந்தோனியின் தாயுடைய செத்தவீட்டுப் படங்கள் பதினொன்று, உயிலங்குளத்தில் கலியாணம் முடித்திருந்த அந்தோனியின் மருமகள் ஒருத்தியின் உடைந்த போனுக்குள் கிடந்தன. அவற்றைத்தான் முதலில் போட்டோம். அந்தோனி அழைத்து அழுதார். முத்திரை அண்ணை போனை வாங்கி, "அழுறது அந்தோனிதானோ?" என்று கேட்டார்.

போன வருடம் மகள் அவரைக் கனடாவுக்குக் கூட்டிப்போய்விட்டார். ஒவ்வொரு நாளும் எனக்குப் பின்னேரம் ஐந்து மணி, அவருக்கு விடியற்காலை, அழைப்பு வரும்.

"தம்பி, எங்கட தளம் திறக்குதோ?"

"அங்க திறக்கேல்லையோ அண்ணை?"

"இங்க திறக்குது. அங்க திறக்குதோ எண்டு பாரும்."

திறந்து பார்த்துச் சொல்வேன். ஐந்து மணி கடந்து ஐந்து நிமிடமாகியும் அழைப்பு வராத நாட்களில் நான் தளத்தைப் பார்ப்பதில்லை. போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.