பழைய டிரைவரைத் தூக்கும் விவகாரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் என் முழங்கால் வலியும் இங்கே ஒற்றுமையாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை அவர்களும் நலமாக இருப்பீர்கள் என்றே எழுதிவிடுகிறேன். போன் செய்தால் அவர்தான் எடுத்து, "அவ தூங்குறா மாமா" என்கிறார். பகல் பதினொரு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் லேப்டாப். போன மாதம் நாம் முகம் பார்த்துப் பேசியபோது திரையில் பச்சைக் கோடுகள் ஓடின, உன் தலை ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமுமாக நின்றது, இடது கன்னத்தில் ஊதாவாக ஒரு திட்டு வேறு. நான் பதறியதும் நீ, "உங்க ஸ்கிரீன் கோளாறுப்பா" என்றாய். பின்னாலிருந்து மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "உங்க டிரைவர் பழசாயிடுச்சு மாமா, தூக்கிட்டுப் புதுசு போடுங்க" என்றார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன் முகத்துக்கு நேரே சொல்கிற பேச்சா இது! இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, டிரைவர் என்றால் படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் மென்பொருளாம். சரி, தூக்கித் தொலைப்போம் என்று உட்கார்ந்தேன். திரை கறுத்துப்போனது. மறுபடி போட்டால் 'சேஃப் மோடு' என்றது. அதில் லேப்டாப் பத்திரமாகத்தான் இருந்தது, வேலைதான் ஒன்றும் செய்யவில்லை, ரிட்டையர் ஆன பிறகு உன் அம்மா என்னை வைத்திருக்கிற மாதிரி. அவளோ, "ரெண்டு தட்டு தட்டுங்க, தானா வழிக்கு வரும்" என்று அவளே தட்டியும் விட்டாள். கோடு இரட்டிப்பானது.

கடைசியில் ரிப்பேர் கடைக்காரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். நெற்றியில் லென்ஸை மாட்டிக்கொண்டு, பழைய டிரைவரை எடுத்துப் புதுசு போட்டுக் கொடுத்தார். கோடெல்லாம் போயே போச்சு. ஆனா பாரு, போன ஞாயித்துக்கிழமை நீ பேசும்போது திட்டு மட்டும் கன்னத்தை விட்டு நெத்திக்கு ஏறியிருந்துச்சு! நீ மறுபடியும் "ஸ்கிரீன்தாம்ப்பா"ன்னே. கோளாறைக் காட்டலாம்னு அந்தப் பேச்சைப் பதிவு பண்ணி வச்சிருக்கேன். நாளைக்கு அந்தம்மாவை ஒரு பிடி பிடிக்கப் போறேன். புது டிரைவர் போட்டும் இந்த லட்சணமான்னு கேக்காம விடமாட்டேன்.

மாப்பிள்ளை அவர்களுக்கு என் அன்பு. உனக்கு எங்கள் இருவர் ஆசியும். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கோளாறு பிடித்த திரையின் முன்னால்
உன் அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ளதில் ஒன்றையும் நம்பாதே. பதிவைக் கடைக்காரம்மா இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். அப்புறம் கடைக் கதவைச் சாத்திவிட்டு, "ஸ்கிரீன் கோளாறு இருந்த இடத்துலயே நிக்கும் சார். இது உங்க பொண்ணு தலையைத் திருப்பினா கூடவே திரும்புது" என்றார். சண்டை போடப் போனவன் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு மாதமாக உன் முகத்தை விட்டுவிட்டுத் திரையைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதைத் தபாலில் போடவில்லை. நேரில் வந்து உன் கையிலேயே கொடுக்கிறேன். நீ விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு வா, துணிமணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வண்டி வாசலில் நிற்கிறது, அம்மா முன்சீட்டில் இருக்கிறாள். பழைய டிரைவரை இன்னும் யாரும் தூக்கவில்லை.