மூன்றாம் ஞாயிறும் முதல் பத்துப் பேரும்

ஜெபின், அபிஷா, ரெண்டு பேரும் டிவியை அணைத்துவிட்டு இதைப் படியுங்கள். வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் சாயா ஆறுவதற்குள், "ஜினி அக்காக்க கல்யாணத்த அப்பா எழும்பி நிண்ணு தடுத்தாரு, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். மக்களே, நான் எழுந்து நின்றது உண்மை. தடுக்கவில்லை. நான் அதிகம் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்பு என்னைக் கரையேற்றியது, பிளஸ் டூ என்னைத் திருப்பி அனுப்பியது. அதனால் எழுத்து கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவன் வெட்கப்பட்ட கதையை மற்றவர்கள் சொன்னால் சிரிப்பு மட்டும் மிஞ்சும். மிச்சம் இருப்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேரள எல்லை தாண்டி நெய்யாற்றின்கரையில் நான் வேலை பார்க்கும் பாத்திரக் கடை உங்களுக்குத் தெரியும். இரண்டாவது மாடியில் குக்கரும் காஸ் அடுப்பும் என் பொறுப்பு. ஷட்டர் ஏறுவதிலிருந்து இறங்குவது வரை நின்றே பார்க்கும் வேலை. ஸ்டூல் உண்டு. (அதன் மேல் குக்கர் பெட்டிகள் வசதியாக உட்கார்ந்திருக்கும்.) மாடிக்கு ஒரு சூப்பர்வைசர், அவருக்கு மட்டும் சுழலும் நாற்காலி. எங்கள் மாடி சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்த நாற்காலி என் கண்ணில் நின்றது. கண்ணைவிட அதிகமாக என் முழங்காலில் நின்றது.

அப்போதுதான் எர்ணாகுளத்திலிருந்து நிதின் சார் வந்தார். ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க முதலாளி ஏற்பாடு செய்த ஆள். மெலிந்த பையன், வெள்ளை ஷூ, சிரித்த முகம். எங்கள் எல்லோருடைய போனிலும் ஓர் ஆப்பை ஏற்றினார். தினமும் ஐந்து கேள்வி வரும். சரியாகச் சொன்னால் நட்சத்திரம். விடாமல் தினமும் செய்தால் நம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தீ எரியும். ஒரு நாள் விட்டால் தீ அணைந்துவிடும். கைரேகை வைக்கும் மெஷினுக்கு மேலே ஒரு டிவி. அதில் முதல் பத்துப் பேர் கிரீடத்தோடு, கடைசி இரண்டு பேர் சிவப்பு எழுத்தில்.

"இது படிப்பு இல்ல சேட்டா, களியாக்கும், வெறும் விளையாட்டு" என்றார் நிதின் சார். "மனுசனுக்குப் புதுசா ஒண்ணு கிடைக்கிற சந்தோஷத்தைவிட, கையில இருக்கிறது போயிடுமோங்கிற பயம்தான் வேகமா ஓட வைக்கும். அதுதான் இதுக்குள்ள இருக்கிற மனசு சாஸ்திரம்."

நாங்கள் கைதட்டினோம். யாரை ஓடவைக்கப் போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு மேனேஜர் எழுந்து, புதிய சூப்பர்வைசரை முதல் பத்துப் பேரிலிருந்து எடுப்போம், சிவப்பில் நிற்பவர்கள் குடோனுக்குப் போவார்கள் என்றார். குடோன் என்றால் அமரவிளையில் தகரக் கூரை போட்ட கொட்டகை. மத்தியானம் உள்ளே நின்றால் நாமே குக்கருக்குள் இருப்பது போலிருக்கும்.

ஆப் என்னிடம் மூன்று தடவை சம்மதம் கேட்டது. போன் சைலண்டில் இருந்தாலும் சத்தம் போடலாமா என்பது அதில் ஒன்று. நான் கல்யாணப் பெண் மாதிரி மூன்றுக்கும் தலையாட்டினேன்.

நான் அதில் கெட்டிக்காரன் ஆனது படித்ததனால் இல்லை. நாலு பதிலில் எது நீளமோ அதுதான் சரி என்று கண்டுபிடித்துவிட்டேன். "வாடிக்கையாளர் கோபமாக வந்தால் என்ன செய்வீர்கள்?" எது நீளம்? அமுக்கு. இந்த வித்தையில் ஆறாம் இடத்துக்கு வந்தேன். தலை கால் புரியவில்லை. வீட்டிலும் ஆரம்பித்தேன். அடுக்களைக் கதவில் ஒரு தாள் ஒட்டி நம் நாலு பேரின் பெயரையும் எழுதினேன். பாடம் படித்தால் ஒரு நட்சத்திரம், பல் தேய்த்தால் ஒன்று. உங்கள் அம்மா பெயர் எப்படியோ கடைசியில் போய்ச் சிவப்பாகிவிட்டது. (மீன்கறியில் புளி கூடிப்போனதற்கு இரண்டு நட்சத்திரம் குறைத்தேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு அறிவு.)

அம்மா தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள். "நட்சத்திரத்தக் கரைச்சு சோத்துல ஊத்தித் தின்னும்" என்றாள். அன்று ராத்திரி எனக்கு மீன்கறியே வரவில்லை.

வாரநாள் கேள்விகூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வினை. கடைக்கு லீவு. ஆனால் ஆப்பில் ஒரு திடீர்க் கேள்வி வரும், மூன்று மடங்கு நட்சத்திரம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் வைத்திருப்பதுதான் சூட்சுமம் என்று நிதின் சார் சொல்லியிருந்தார். தெரியாததனால் ஞாயிறு முழுவதும் போனைக் கையிலிருந்து இறக்க முடியாது. மீன்காரன் தூண்டிலைப் பிடித்திருப்பதுபோல நான் போனைப் பிடித்திருந்தேன். தூண்டில் முனையில் இருந்தது நான்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

இனி அந்த ஞாயிறு.

என் தங்கச்சி ரோஸ்லி, உங்கள் மாமி, புருஷன் இறந்த பிறகு தனியாக நின்று வளர்த்த பெண் ஜினி. நர்ஸ் வேலை. பனச்சமூட்டில் நல்ல குடும்பத்தில் சம்பந்தம் அமைந்தது. நம் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிப்பார்கள். தடை அறிந்தவர்கள் எழுந்து சொல்ல வேண்டும். அன்று மூன்றாம் ஞாயிறு. மாப்பிள்ளை வீட்டார் நம் கோயிலுக்கே வந்திருந்தார்கள். ஆராதனை முடிந்து ரோஸ்லி வீட்டில் சாப்பாடு. விடியுமுன் எழுந்து அவள் நெய்மீனும் மாட்டிறைச்சியும் சமைத்து வைத்திருந்தாள்.

போதகர் இருவரின் பெயரையும் வாசித்தார். இது கடைசித் தடவை, தடை ஏதும் உண்டென்றால் இப்போதே சொல்லலாம் என்றார். பிறகு வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்து மாட்டுகிறவரைதான் சபைக்குக் கொடுக்கும் நேரம். அந்த நேரத்தில் நம் ஆட்கள் இருமக்கூட மாட்டார்கள். இருமினால் அதற்கும் ஓர் அர்த்தம் எடுத்துவிடுவார்கள்.

அவர் கண்ணாடியின் இரண்டாவது சில்லைத் துடைக்கும்போது என் பேண்ட் பாக்கெட்டில் போலீஸ் ஜீப் புறப்பட்டது.

சைரன். அதன் மேலே ஒரு பெண்ணின் குரல், சுத்தமான மலையாளத்தில்: "உங்கள் இடம் பறிபோகிறது! கடைசி வாய்ப்பு! உடனே பதில் சொல்லுங்கள்!"

நம் சபையில் மலையாளம் தெரியாதவர் யார்?

கல்யாணத்துக்கென்று முன்கூட்டியே தைத்துப் போட்டிருந்த பேண்ட் அது. இறுக்கம். உட்கார்ந்தபடி போனை வெளியே எடுக்க வராது. அதனால் எழுந்தேன். மக்களே, அவ்வளவுதான் நான் செய்தது. உட்காரும் வேலைக்கு ஆசைப்பட்டு, உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரே நேரத்தில் எழுந்து நின்றேன். பெண்ணின் தாய்மாமன். மூன்றாம் ஞாயிறு. ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில்.

போதகர் கண்ணாடியை மாட்டினார். "செல்வின்... ஏதும் சொல்லணுமா?"

"இல்லை" என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நான் பழகியிருந்தது நீளமான பதில்.

"இல்ல பாஸ்டர். தடைன்னு ஒண்ணும் இல்ல. அதாவது... ஷீஜா என்னைய முந்திட்டா. அதுக்காக்கும் எழும்பினது."

பெண்கள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா குரல் எழுந்தது. "யாரு ஷீஜா?"

அதைத் தொடர்ந்து, அதே கேள்வி, கொஞ்சம் மெதுவாக, ஆனால் கூடுதல் ஆபத்தாக உங்கள் அம்மாவிடமிருந்து வந்தது. "ஷீஜா யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் போன் ஒரு சோகக் குழல் ஊதி, "நேரம் முடிந்தது" என்று அறிவித்தது. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் நீங்கள் இன்றைக்கும் சொல்லும் கதை.

ஆராதனை முடிந்து போதகர் அறையில் போனைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். ஷீஜா எங்கள் கடையில் பில் போடுகிற பெண், ஆப்பில் என் இடத்தைப் பிடித்தவள் என்றேன். மாப்பிள்ளையின் அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "ஓய், போன் அடிச்சா அணைக்கணும். பெண்ணுக்க தாய்மாமன் எழும்பி நிண்ணா நாங்க என்னத்த நெனைக்கியது?"

எழுந்து நின்றது நின்றதுதான், அடுத்த ஞாயிறு மறுபடி வாசிக்க வேண்டும் என்று கமிட்டி மூப்பர் பிடிவாதம் பிடித்தார். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமல் போனார்கள். ரோஸ்லி வீட்டில் மேஜை மேல் வாழையிலை போட்டபடியே கிடந்தது. அவள் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

"அண்ணா, அந்த நட்சத்திரத்த வச்சு நீ என்ன செய்யப் போற?" என்று மட்டும் கேட்டாள்.

நாலு பதில் கொடுத்திருந்தால் ஏதாவது ஒன்றை அமுக்கியிருப்பேன்.

அந்த வாரம் பனச்சமூட்டிலிருந்து இரண்டு பேர் வந்து பக்கத்துச் சாயாக்கடையில் ஜினியைப் பற்றி விசாரித்தார்கள். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே இரண்டு பெண்கள் தலைவலி என்று சீட்டு எடுத்துப் போய், அந்தப் பிள்ளை எப்படி, யாரோடு பேசும் என்று கேட்டிருக்கிறார்கள். ஜினி இதை என்னிடம் சொன்னாள். அழவில்லை. "நானாக்கும் மாமா அவியளுக்கு பிரஷர் பாத்தது" என்றாள். ஒரு குற்றமும் செய்யாத பிள்ளை, தன்னைப் பற்றித் துப்புத் துலக்க வந்தவர்களின் கையில் பிரஷர் பட்டையைக் கட்டிவிட்டு நின்றிருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாளே எனக்கு ஷீஜா மேல்தான் ஆத்திரம். நேராக பில் கவுண்டருக்குப் போனேன்.

"ஏன் பிள்ள, ஞாயிற்றுக்கெழமையும் ஒனக்கு அடங்கி இருக்கப் படாதா? ஒன்னால எனக்க குடும்பம் சந்தி சிரிச்சிட்டு."

அவள் பில்லை முடித்து, வாடிக்கையாளருக்கு நன்றி சொல்லி, பிறகு என்னைப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணா, அம்மைக்கு ஆபரேஷன். தியேட்டர் வாசல்ல இருந்தாக்கும் அமுக்கினேன். குடோனுக்கு மாத்தினா அம்மைய யாரு பாப்பா? பஸ் ரெண்டு மாறணும்லா."

நான் ஆராதனையின் நடுவில் பயந்தேன், அவள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பயந்தாள். நிதின் சாரின் சாஸ்திரம் பொய் இல்லை. நாங்கள் இருவரும் நன்றாகத்தான் ஓடினோம்.

அவள் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் ஷீஜா லீவு போட்டாள், ஆப்பைத் தொட நேரமில்லை. தீ அணைந்தது. டிவியில் அவள் பெயர் சிவப்பானது, அவள் அமரவிளைக்குப் போனாள். நான் அப்போதும் முதல் பத்தில் இருந்தேன். அவளுக்காக யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. (கிரீடம் தலையில் இருக்கும்போது வாய் திறப்பது கடினம், மக்களே.) சுழலும் நாற்காலிக்கு மேனேஜரின் மைத்துனர் வந்தார். அவர் போனில் அந்த ஆப்பே கிடையாது. கொஞ்ச நாளில் ஆப்பும் நின்றுபோனது. எங்கள் நட்சத்திரமெல்லாம் எங்கே போயின என்று யாரும் சொல்லவில்லை. அந்த டிவியில் இப்போது மிக்ஸி விளம்பரம் ஓடுகிறது. ஷீஜா இன்னும் குடோனில்தான்.

கல்யாணம் நடந்தது. ஜினியின் மாப்பிள்ளை நல்லவன். இன்றைக்கும் விருந்தில் எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றும்போது, "மாமா, தடை ஏதும் உண்டா?" என்று கேட்பான். வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். ரோஸ்லி மட்டும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நீங்கள் அதைக் கவனித்ததில்லை.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கல்யாண ஆராதனையிலும் போதகர் தடை உண்டா என்று ஒரு முறை கேட்பார். அன்று காலையில் ரோஸ்லி என்னிடம் வந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சொன்னாள்: "அண்ணா, அந்த நேரம் மட்டும் நீ பந்திப் பக்கம் நில்லு. அவிய உன்னையே பாப்பாவ." நான் தலையாட்டினேன். என் தங்கச்சி மகள் சம்மதம் சொல்லும்போது நான் வெளியே பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளேயிருந்து போதகரின் கேள்வி காதில் விழுந்தது, பிறகு அமைதி. அண்டா கொதிக்கும் சத்தத்தில் மற்றதொன்றும் கேட்கவில்லை.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு நான் கோயிலுக்குள் போனேன். தரையில் பூ மிதிபட்டுக் கிடந்தது. ஒருவரும் இல்லை. போனை அணைத்து வாசல்படியில் வைத்துவிட்டு, ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். போதகர் கண்ணாடி துடைக்கும் நேரம் அளவுக்குக் காத்திருந்தேன்.

பிறகு எழுந்து நின்று, "தடை ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன்.