சாதா வெந்நீர்

பிளாஸ்க் மூடியில் ஊற்றிய வெந்நீர் பழுப்பாக இருந்தது. வடாலா பிளாட்பாரத்தில் நின்றபடி நிகில் அதை மோந்து பார்த்தான். சீரகம்.

மாட்டுங்காவில் அவன் வீட்டு அடுப்பில் காலையில் கொதிப்பது சீரகத் தண்ணீர்தான். அதைக் குடித்தே வளர்ந்தவனுக்கு இது தெரியாததல்ல. ஆனால் பிளாஸ்க்கை நிரப்பிய நேரத்தில் வேட்டி அவிழ்ந்துகொண்டிருந்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஊற்றுகிறவன் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பானா?

மார்பில் கட்டியிருந்த பையில் ஐந்து மாத மகள் அம்மிணி நெளிந்தாள். உதட்டைப் பிதுக்கினாள். அது முன்னறிவிப்பு. அழுகை அடுத்து வரும்.

இன்றைய பயணமே ஒரு பரீட்சை. முந்தின நாள் மனைவி சாதனா தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"செம்பூர்ல வெங்கடேஷ் கிரகப்பிரவேசத்துக்கு நீயும் அம்மிணியும் மட்டும் போங்கோ. பசிச்சா நீதான் பால் கலக்கணும். அழுதா நீதான் பாத்துக்கணும். சமாளிச்சுட்டேன்னா திங்கக்கிழமை நான் ஆபீஸ் போறேன். இல்லேன்னா லீவை நீட்டச் சொல்லி மெயில் போட்டுடறேன்."

"லீவை நீட்டினா டீம் லீட் வேலை?"

"வேற யாருக்காவது போகும். போகட்டும்."

'போகட்டும்' என்றபோது அவள் சுவரைப் பார்த்தாள். அந்த வேலைக்கு அவள் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தாள் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சுவர்ப் பார்வைக்காகவே ஜெயித்தாக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டான்.

"சரி, நீ என்ன பண்ணுவே?"

"தூங்குவேன். கதவைச் சாத்திண்டு, ஃபேனை அஞ்சுல வெச்சுண்டு."

நிகில் போனை எடுத்து, 'வடாலா வந்தாச்சு. எல்லாம் சூப்பர்' என்று அனுப்பினான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

அம்மிணி வீறிட்டாள்.

டீக்கடைக்கு ஓடினான். "பையா, சாதா கரம் பானி!" என்று வெந்நீர் கேட்டான்.

"சாதா மத்லப்?" என்று அர்த்தம் கேட்டார் கடைக்காரர்.

"சாதா மத்லப்... சாதா!"

கடைக்காரர் ஒரு பாத்திரத்திலிருந்து ஆவி பறக்க ஊற்றினார். நிகில் அதைக் கைக்குட்டையால் விசிறி ஆற்றினான். மூன்று தடுப்பு வைத்த டப்பாவைத் திறந்து, ஒரு வேளைக்கான பவுடரைப் பாட்டிலில் கொட்டிக் குலுக்கி, அம்மிணியின் வாயில் வைத்தான். அவள் ஒரு சொட்டு சுவைத்துவிட்டு, ஏமாற்றப்பட்டவள் போல அவனைப் பார்த்தாள். அவன் நாக்கில் விட்டுப் பார்த்தான். இஞ்சி.

"அத்ரக் டாலா ஹை. பச்சே கே லியே ஏக்தம் அச்சா," என்றார் கடைக்காரர், குழந்தைக்கு நல்லது செய்த பெருமையில்.

பன்வேல் வண்டி வந்தது. அழும் குழந்தையோடு வேட்டி கட்டியவன் ஏறினால் மும்பை ரயிலிலும் உட்கார இடம் கிடைக்கும். எதிரே கறுப்புச் சட்டையும் பெரிய மீசையுமாக இருந்தவர், தன்னை தாராவி கணேசபாண்டியன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, நேரே விசாரணைக்கு வந்தார்.

"என்ன சார், பச்சப்பிள்ளைய இப்படிக் கதற விடுதியளே. தாய் எங்க?"

"தூங்கறா சார்."

"பகல்லயா?"

"பர்மிஷனோட."

"நல்ல குடும்பம்," என்றவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "இந்தாங்க. சுடச்சுட இருக்கு. வீட்ல கொதிக்க வச்சது."

நிகிலுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாதா வெந்நீர்தானே சார்?"

"சாதா தண்ணிய எவன் குடிப்பான்? ஓமம் போட்டது!"

நிகில் அதை வாங்குவதா வேண்டாமா என்று திகைத்ததில், மடியிலிருந்த பவுடர் டப்பாவின் மூடி திறந்துகொண்டது. தலைக்கு மேலே ரயில் விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வேளைப் பவுடர் வெள்ளைப் புகையாக எழுந்து, கணேசபாண்டியனின் கறுப்புச் சட்டையிலும் மீசையிலும் படிந்தது. ஒரு நொடியில் அவருக்கு எண்பது வயதாகிவிட்டது.

அம்மிணி அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். சிரித்தாள்.

"சிரிக்கா பாருங்க கழுத," என்றார் அவர், மீசையை நக்கிக்கொண்டே. "இனிப்பாத்தான் இருக்கு சார்."

சிரிப்பு சுனாபட்டி வரைதான் தாங்கியது. பிறகு விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

'ரயில் காலி. அம்மிணி ஜாலி,' என்று நிகில் செய்தி அனுப்பினான்.

'தொப்பி நழுவியிருக்கும், பாரு,' என்று பதில் வந்தது.

பார்த்தான். நழுவித்தான் இருந்தது. தூக்கத்திலும் இவளுக்கு எப்படித் தெரிகிறது? அம்மாக்களுக்கு ஏதோ தனிப் புலன் இருக்கிறது என்று எண்ணியபடி தொப்பியைச் சரிசெய்தான்.

செம்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, புது அடுக்குமாடியின் ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அழுதழுது அம்மிணியின் குரல் கம்மியிருந்தது. டப்பாவில் ஒரே ஒரு வேளைப் பவுடர் மிச்சம். பெரியப்பா பிள்ளை வெங்கடேஷும் அவன் மனைவி நாகலக்ஷ்மியும் வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

"மன்னி, வெந்நீர்! சாதா வெந்நீர்! சீரகம் வேண்டாம், இஞ்சி வேண்டாம், ஓமம் வேண்டாம்!"

நாகலக்ஷ்மியின் முகம் வாடியது. "இன்னும் பால் காய்ச்சலையே நிகில். பூஜைக்கு வர வாத்தியார் குர்லா சிக்னல்ல மாட்டிண்டிருக்கார். புது அடுப்புல பால் பொங்கறதுக்கு முன்னாடி வெறும் தண்ணியை வெப்பாளா?"

"பக்கத்து வீட்ல கேக்கலாமே?"

"இந்த மாடில இன்னும் யாரும் குடி வரலை. எங்க சாமானே நாளைக்குத்தான் வரது."

"இருடா, நான் வாங்கிண்டு வரேன்," என்று வெங்கடேஷ் தெருமுனை ஹோட்டலுக்கு ஓடினான். மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். கையில் ஒரு கூஜா. உள்ளே தண்ணீர் ரோஜா நிறத்தில் மின்னியது.

"என்னடா இது?"

"பதிமுகம்டா, தண்ணில போட்டுக் கொதிக்க வெக்கற மரப்பட்டை. நம்ம பாலக்காட்டு ஹோட்டல். குழந்தைக்குன்னு சொன்னேன், ரெண்டு துண்டு ஜாஸ்தியாவே போட்டுக் குடுத்தான்!"

நிகில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சாதனாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். 'என்னால் முடியலை' என்று அடிக்க ஆரம்பித்தான். அந்தச் சுவர்ப் பார்வை நினைவுக்கு வந்தது. அழித்தான். அம்மிணி இருமினாள். மறுபடி அடித்தான்.

நாகலக்ஷ்மி அதற்குள் வாத்தியாரை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"குழந்தை அழறது இங்க ஆட்டோ டிரைவருக்கே கேக்கறதும்மா," என்றார் வாத்தியார். "எதுக்குத் தண்ணி?"

"பவுடர் பால் கலக்க, மாமா."

"அப்போ அதுவும் பால்தானே? குழந்தைக்குப் போற பாலை விட என்ன மங்களம் வேணும் புது வீட்டுக்கு? கெழக்கே பாத்து அடுப்பை ஏத்து. தண்ணி கொதிச்சதும் பவுடரைப் போட்டுப் பொங்க விடு."

"கொதிக்கிற தண்ணில பவுடரைப் போடப்படாது மாமா! ஆறினப்பறம்தான்!" என்று கத்தினான் நிகில்.

"அப்போ தண்ணியே பொங்கட்டும். நான் வந்து மிச்சத்தை மந்திரத்துல சரி பண்ணிக்கறேன்."

குத்துவிளக்குக்கு முன்னால், மஞ்சள் கட்டிய புதுப் பாத்திரத்தில் சாதா தண்ணீர் பொங்கி வழிந்தது. வந்திருந்த உறவினர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் கை தட்டினார்கள். வெங்கடேஷ் அதைக் காப்பி ஆற்றுவதுபோல டவரா டம்ளரில் உயரத் தூக்கி ஆற்றினான். நிகில் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, கடைசி வேளைப் பவுடரைப் போட்டுக் குலுக்கினான்.

அம்மிணி பாட்டிலைக் கவ்விக்கொண்டாள். சர்க், சர்க் என்ற சத்தம் மட்டும். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு, ஒரு கையை ஜமீன்தார் போலத் தொங்கவிட்டுக் கண்ணை மூடினாள். நாகலக்ஷ்மி அவளை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது.

நிகில் ஜெயித்துவிட்டான். போனில் பாதியில் நின்ற செய்தியை அழித்துவிட்டு, தூங்குகிறவளை எழுப்பிச் சொல்லலாமா, எழுந்ததும் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தான். கட்டடத்து வாட்ச்மேன் தமிழ்செல்வன் நின்றிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்து ரகசியமாகக் கேட்டார்:

"சார், மாட்டுங்கால இருந்தே பின்னால, ரயில்ல லேடீஸ் பெட்டிக் கம்பி வழியாப் பாத்துக்கிட்டே வந்தாவளாம், ஒரு அக்கா கீழ என் கேபின்ல உக்காந்திருக்காவ, பிள்ள பால் குடிச்சிட்டுன்னா திங்கக்கிழம வாரேன்னு ஆபீஸுக்கு மெயில் அனுப்பிட்டு, வீட்டுக்குப் போயித் தூங்கணுமாம், ஆனா பிள்ளையோட அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காவ, இதுல அவரு யாரு சார்?"