மாப்பிள்ளையின் பதினொரு வாசகர்கள்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் அனைவரும் நலம். அங்கு தங்கள் நலத்தையும், தங்கள் ரத்த அழுத்தத்தின் நலத்தையும் தனித்தனியே அறிய ஆவல்.

பொருள்: மாப்பிள்ளையின் வேலையைக் காப்பாற்றித் தருமாறு கோருதல்.
பார்வை: எட்டு வருடங்களுக்கு முன் தாங்கள் வெளியிடாமல் நிறுத்திவைத்த எனது நாற்பத்திரண்டு வரிப் பின்னூட்டம்.

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் நான். பொருள், பார்வை போடாமல் எனக்குக் கடிதம் எழுத வராது. கைபேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள், மின்னஞ்சல் போட்டால் போன வேகத்தில் திரும்பி வருகிறது, ஆகவே தபால். இதையும் தடுக்க வேண்டுமானால் நீங்கள் தபால்காரரோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

சமாதானம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வலைப்பதிவில் நான் போட்ட பின்னூட்டத்தை நீங்கள் வெளியிடவில்லை. நான் உங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினேன். உன் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டால்தான் உங்கள் வாசற்படி ஏறுவேன் என்று நீங்கள் உங்கள் தங்கையிடம் சொன்னீர்கள். அவளும் உங்கள் ரத்தம்தானே, அப்படியானால் ஏறவே வேண்டாம் என்று போனை வைத்துவிட்டாள். எங்கள் மகளின் கல்யாணத்துக்குக்கூட நீங்கள் வரவில்லை. தாய்மாமன் எங்கே என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள், உடம்பு சரியில்லை என்று உங்கள் தங்கை அத்தனை பேரிடமும் ஒரே மாதிரி பொய் சொன்னாள். அன்றிலிருந்து இன்றுவரை உங்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அது கிடக்கட்டும். கல்யாணத்துக்கு வராத காரணத்தால் மாப்பிள்ளையைத் தங்களுக்குத் தெரியாது. எடையளவு அலுவலகத்தில் வேலை. கடைக்காரர்கள் கொண்டுவரும் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவார். நல்ல பையன். அதிர்ந்து பேசமாட்டார். நான்கு மாதங்களுக்கு முன் திடீரென்று அவருக்கு அரசியல் வந்துவிட்டது. நகர்மன்றத்தில் யார் எதற்குக் கை தூக்கினார்கள், யார் கை தூக்காமலேயே தூக்கியதாகக் குறிப்பில் ஏறியது என்பதையெல்லாம் தோண்டி எடுத்து, 'எடைக்கல்' என்று ஒரு வலைப்பதிவு தொடங்கி எழுத ஆரம்பித்தார். முதல் பதிவு மூவாயிரம் சொல். 'அரசியல் என்பது யாது?' என்று ஆரம்பம். யாது என்று கேட்டால் எவன் நின்று பதில் சொல்வான்? ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மனிதர் அலுவலகம் விட்டு வந்ததும் கணினியைத் திறந்து, பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று எழுந்து போய்விடுகிறாராம். மகள் என்னிடம் வந்து, அவருக்குத் தெரியாமல் ஏதாவது செய்யுங்கள், நீங்கள்தான் அந்தக் காலத்து ஆளாயிற்றே என்றாள்.

அந்தக் காலம் என்று அவள் சொன்ன மாத்திரத்தில் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது மச்சான். (கோபத்தில் இருக்கிறேன், மைத்துனர் என்றே எழுதுவதாக உத்தேசம். கை பழக்கத்தில் எழுதிவிட்டது, அடிக்க மனமில்லை.) நம் இருவர் வீட்டிலும் கணினி ஏது அப்போது? அலுவலகத்துக்கு எதிர்ச் சந்து இணைய மையம்தான் கதி. பிளைவுட் தடுப்பு, எழுத்தெல்லாம் தேய்ந்த விசைப்பலகை, இழுத்தால் அழும் நாற்காலி. மதியம் டிபன் டப்பாவைத் திறக்காமலேயே ஓடுவேன். நீங்கள் உங்கள் வங்கியிலிருந்து எனக்கு முன்னால் வந்து நல்ல நாற்காலியைப் பிடித்திருப்பீர்கள். பக்கத்துப் பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்காமல், பின்னூட்டத்திலேயே ஒருவரை ஒருவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொள்வோம். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து டீக் குடிக்கப் போவோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் நீங்கள் செருமினால், அடுத்தது வருகிறது என்று தெரிந்துகொள்வேன்.

புதிதாக அரசியல் எழுத வரும் யாரும் முதல் நாள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது நம் நான்கு பேரின் ஏற்பாடு. ஆளுக்கொரு வேலை. தட்டச்சுப் பள்ளி நடத்திய, ஒரு கமா தப்பினாலும் விடாத கமா அம்மாவுக்குப் பாராட்டுகிற வேலை. மருந்துக்கடைக்காரருக்குச் சந்தேகம், அவர் ஏதாவது ஒரு கேள்வி கேட்டு வைப்பார், அதற்குப் பதில் சொல்லவாவது அந்தப் புது ஆள் அடுத்த பதிவு எழுதியாக வேண்டும். எனக்கு யோசனை, தலைப்பைச் சுருக்குங்கள், பத்தியைப் பிரியுங்கள் என்கிற வகை. 'முட்டுக்கட்டை' என்ற பெயரில் எதிர்ப்பது உங்கள் வேலை. ஒவ்வொரு பதிவிலும் ஒரு சின்னத் தப்பை வேண்டுமென்றே விட்டுவை, திருத்த வருகிறவன் முழுசாகப் படித்துவிட்டுத்தான் போவான் என்று கமா அம்மா எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மருத்துவமனைப் பணியிட மாற்றத்தின் அரசியலை எழுதிய அந்த நர்ஸம்மா நினைவிருக்கிறதா? நாலு பேர்தான் வந்தீங்க, நான் ஊரே திரண்டு வந்துடுச்சுன்னு நெனச்சேன் என்று பின்னாளில் அவர் சொன்னபோது நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். என் வாழ்க்கையில் நான் ஆபீசுக்குப் போன நாட்களைவிட அந்த மதியங்கள்தான் எனக்கு நினைவிருக்கின்றன. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது நால்வரில் நான் ஒருவன்தான் கைவசம் இருந்தேன். எனவே நாலு வேலையையும் நானே பார்க்க வேண்டியதாயிற்று. நாலு பெயரில் பின்னூட்டம் போடத் தொடங்கினேன். நாலு பேர் போதாது என்று தோன்றி, பதினொன்றில் கொண்டுபோய் நிறுத்தினேன். கோபக்கார லாரி ஓட்டுநர், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கப்பலில் சமையல் செய்கிறவர், எதையும் பாதி படித்துவிட்டுப் பேசுகிற காப்பீட்டு முகவர் என்று ஆளுக்கொரு குணம். குழம்பிவிடக் கூடாது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன். பன்னிரண்டாவதாக உங்கள் தங்கை. அவளுக்கு இந்தத் தில்லுமுல்லு எதுவும் தெரியாது. மாப்பிள்ளை எழுதுகிறார் என்று தினமும் படித்து, சொந்தப் பெயரிலேயே 'நல்லா இருக்கு மாப்பிள்ளை' என்று போடுவாள். அவள் மாமியார் என்பதால் அதை மாப்பிள்ளை கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் மாதம் அமோகமாகப் போயிற்று. மாப்பிள்ளை மூன்று வேளையும் சாப்பிட்டார். இரண்டாவது மாதம்தான் வினை. பேருந்து நிழற்குடை விவகாரத்தில் லாரி ஓட்டுநருக்கும் கணக்கு டீச்சருக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. இரண்டும் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டீச்சர் பேசியது அநியாயம். படிக்காதவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று ஒரு வார்த்தை விட்டார். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ஐந்து நாள் சண்டை. காப்பீட்டு முகவர் நடுவில் புகுந்து சமரசம் செய்யப் போக, இரண்டு பேரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சாப்பாட்டு மேசையில் உர்ரென்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்து உங்கள் தங்கை, யார் மேல் கோபம் என்று கேட்டாள். டீச்சர் மேல் என்று சொல்லிவிட்டேன். எந்த டீச்சர் என்று அவள் கேட்ட கேள்விக்கு இரண்டு நாள் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் மாப்பிள்ளையே 'என் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்' என்று தனிப் பதிவு போட்டு, இருவர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினார். லாரி ஓட்டுநர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். டீச்சர் இன்றுவரை முறைப்பாகத்தான் இருக்கிறார்.

அதையாவது பொறுக்கலாம். போன வாரம் மாப்பிள்ளை 'முழுநேரம்' என்று தலைப்பிட்டு ஒன்று எழுதினார். தன்னை நம்பிப் பதினொரு பேர் காத்திருக்கிறார்களாம். முகம் தெரியாத இந்த உறவுகளுக்கு அரைகுறையாக எழுதுவது துரோகமாம். ஆகவே ஒன்றாம் தேதி வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழுநேரமும் எழுதப் போகிறாராம். கீழே ஒரு பின்னூட்டமும் இல்லை. எப்படி இருக்கும்? பதினொரு பேரும் அப்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தார்கள். அடுத்த பத்தாவது நிமிடம் மகள் போன். அவள் குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயம்.

"அப்பா, அவர் சாப்பிடணும்னுதான் உங்ககிட்ட கேட்டேன். நீங்க எங்க சாப்பாட்டுக்கே வழியில்லாம பண்ணிட்டீங்க" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், பதினொரு பேரும் மாமனார்தான் என்று தெரிந்த நாளில் அந்தப் பிள்ளை இனி ஒரு வரி எழுதமாட்டார், என் முகத்திலும் விழிக்கமாட்டார் என்கிறாள். சரிதான். அதே சமயம் வேலை போனால் அவர்கள் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். லாரி ஓட்டுநரை விட்டு அறிவுரை சொல்ல வைத்தேன். மாப்பிள்ளை நெகிழ்ந்துபோய், உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அண்ணே இந்த முடிவு என்று பதில் போட்டுவிட்டார்.

ஆகவே மச்சான், வேறு வழி தெரியாமல் உங்களிடம் வருகிறேன். நீங்கள் ஒரு முறை முட்டுக்கட்டையாக அங்கே வர வேண்டும். அந்தப் பழைய வீச்சில், வரிக்கு வரி பிரித்து, ஈவு இரக்கம் பார்க்காமல் ஒரு எதிர்ப்பு. இந்தத் தொழில் நமக்கு இப்போதைக்கு வேண்டாம், தராசே போதும் என்று அவர் நினைக்கிற அளவுக்கு அடித்தால் போதும். இதை என்னால் செய்ய முடியாது. எனக்கு யோசனை சொல்லத்தான் வரும். எதிர்க்க உங்களைப் போல ஆள் கிடையாது. எட்டு வருடமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் வயதுக்குத் தக்கபடி என் வணக்கமும் ஆசியும். தங்கள் ரத்த அழுத்தம் இறங்கியும், பேனா இறங்காமலும் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
புகார்ப் பிரிவு (ஓய்வு)

பி.கு.: மேலே உள்ள எதையும் செய்ய வேண்டாம். எழுதி முடித்த பிறகுதான், உங்கள் வீட்டுக்கு வழி தெரியுமே தவிர கதவு எண்ணும் பின்கோடும் தெரியாது என்பது உறைத்தது. உங்கள் தங்கையிடம் கேட்க வாய் வரவில்லை. அவளுடைய பழைய டைரிகளை ஒவ்வொன்றாக அவள் இல்லாத நேரம் பார்த்துத் தேடி எடுப்பதற்குள் நாலு நாள் போய்விட்டது. ஒன்றாம் தேதியோ நெருங்குகிறது. பொறுக்கமுடியாமல், தங்கள் அனுமதியின்றி, முட்டுக்கட்டை என்ற பெயரில் எதிர்ப்பை நானே எழுதிப் போட்டுவிட்டேன். ஏழு வருடம் உங்களோடு மோதியவனுக்கு உங்கள் நடை வராதா? நடுவில் ஓரிடத்தில் நானே செருமினேன்.

எதிர்ப்பு வந்தால்தான் கூட்டம் கூடும் என்பதை நாம்தானே ஊருக்கெல்லாம் சொன்னோம், அதை நானே மறந்துபோனேன் பாருங்கள். நர்ஸம்மா எங்கிருந்தோ உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கமா அம்மா வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் வந்து, ஐயா உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று சந்தேகம் கேட்டிருக்கிறார். இரண்டே நாளில் இருநூற்று ஆறு பின்னூட்டம், அத்தனையும் அசல் ஆட்கள். பாதிப் பேர் மாப்பிள்ளைக்குப் பரிந்துகொண்டு உங்களைக் கிழிக்கிறார்கள், பாதிப் பேர் உங்களைக் கண்ட சந்தோஷத்தில் அழுகிறார்கள். மாப்பிள்ளை போன் செய்தார். ராஜினாமா இல்லையாம்.

"இத்தனை பேருக்குப் பதில் எழுதணுமே மாமா, வீட்ல எங்க நேரம் கிடைக்குது? ஆபீஸ்லதான் முடியும்" என்றார்.

எனவே இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் இருந்தேன். நேற்றுக் காலை இருநூற்று ஏழாவது வந்தது. உங்கள் தங்கை, சொந்தப் பெயரில்: 'அண்ணா, நான்தான். நல்லா இருக்கியா? எனக்கு உன் மேல கோவமெல்லாம் இல்ல. பதில் போடு.' முட்டுக்கட்டை நீங்கள்தான் என்று நம்பிவிட்டாள். அந்த இருநூற்று ஆறு பேருக்கும் உங்கள் பெயரில் நானே பதில் போட்டுவிட்டேன். இதற்கு மட்டும் கை போகவில்லை. பாத்திரம் துலக்குகிற இடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வந்து பார்க்கிறாள், மறுபடி துலக்கப் போகிறாள். மன்னிப்புத்தானே கேட்டீர்கள் மச்சான், கேட்டுவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள். முட்டுக்கட்டையின் கடவுச்சொல்லைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். முதலில் அவளுக்குப் பதில் போடுங்கள். என்னை அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.